காலியாக இருந்த புகார் நோட்டு

எடை பார்க்கும் மெஷினில் ஏறும்போது அந்தப் பெண் முட்டியை மடக்கவே இல்லை. இடது காலை விறைப்பாகத் தூக்கி வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலையும் இழுத்துக்கொண்டாள். ஆறாம் வகுப்பு கயல்விழி. பதினோரு வயது.

மருத்துவக் குழு எங்கள் பள்ளிக்கு வந்திருந்த நாள் அது. எட்டாம் வகுப்பு அறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, உயரம், எடை, கண், பல் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை என்ற முறையில் நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பேசுகிற பிள்ளைகளை முறைத்துக்கொண்டிருந்தேன். பொங்கல் முடிந்து உப்பு வார ஆரம்பித்திருந்த சமயம். ஜன்னலுக்கு வெளியே உப்பளப் பாத்திகளின் வெள்ளை கண்ணைக் கூசவைத்தது.

"என்னாம்மா, கால்ல அடியா?" என்றார் நர்ஸ்.

"விழுந்துட்டேங்க."

"எங்க, காட்டு."

கயல்விழி நர்ஸைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நர்ஸே குனிந்து அவளுடைய சுடிதார் பேன்ட்டை மெல்லச் சுருட்டி மேலே ஏற்றினார்.

இரண்டு முட்டியிலும் சின்னச் சின்னக் குழிகள். சில சிவப்பாக, சில கறுத்துப்போய். நாலைந்தில் சீழ் கட்டியிருந்தது.

"இது விழுந்த காயம் இல்லைங்க மேடம்" என்றார் நர்ஸ். "விழுந்தா சிராய்ச்சிருக்கும். இது ரெண்டு முட்டியிலயும் ஒரே மாதிரி இருக்குது பாருங்க. என்னா பட்டுச்சின்னு எனக்கே தெரியல."

எனக்குத் தெரிந்தது. பார்த்த கணமே தெரிந்தது. கல் உப்பைப் பரப்பி அதன் மேல் முட்டி போட்டால்தான் இப்படிக் குழி விழும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் என் முட்டிகளில் இதே குழிகள் இருந்தன.

நாற்காலியிலிருந்து எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று புரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். "மருந்து போட்டு விடுங்க சிஸ்டர்" என்று யாரோ சொல்வதுபோல் என் குரல் எனக்கே கேட்டது.

பத்து நிமிஷத் தலைவலி

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் என்னைப் பற்றி நல்லபடியாகவே எழுதி வந்திருக்கிறேன். சத்துணவுக் கூடத்தில் பாம்பு புகுந்த கதையைப் போன வாரம் படித்துவிட்டு, "உங்க தைரியம் யாருக்கு வரும்" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அவர் இந்த வாரம் வெளியூர் போயிருந்தால் எனக்கு நல்லது.

எந்தத் தலைமை ஆசிரியரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் கஷ்டமான நேரம் கணக்குப் பாடம் இல்லை, இடைவேளைதான். பாடம் நடக்கும்போது வகுப்புக்கு ஒரு ஆசிரியர் இருக்கிறார். மணி அடித்ததும் அவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பும் மொத்தமாகத் தலைமை ஆசிரியர் தலையில் வந்து விழும்.

நான் மரக்காணத்துப் பக்கம் பதவி உயர்வில் வந்த முதல் வருஷத்தில், இடைவேளையில் போன பற்கள் மூன்று. ஒரு பையனுக்குப் புருவத்தில் தையல். குழாயடியில் தள்ளிவிட்டு ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது. இரண்டு வீட்டாரும் பள்ளிக்கூட வாசலில் நின்று போட்ட சண்டையில் என் பரம்பரையே சந்திக்கு வந்தது.

சரி, ஆளுக்கு ஒரு நாள் மைதானத்தில் நில்லுங்கள் என்று ஆசிரியர்களுக்கு டியூட்டி போட்டேன். ஒருவருக்குக் கால் வலி. ஒருவருக்குத் திருத்த வேண்டிய நோட்டு மலையாகக் கிடந்தது. இன்னொருவருக்கு உப்பளத்து வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய சொந்த ஊர் இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்.

நான் நின்றிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்குக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய விவரங்கள் ஆயிரம் இருந்தன. அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், எனக்கும் அந்த நேரத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சார்ட்டில் மைதானத்தை வரைந்தேன். வேப்பமரத்துப் பக்கம் ஆறாம் வகுப்பு, கொடிக்கம்பத்துப் பக்கம் ஏழு, கேட்டுப் பக்கம் எட்டு. நடுவில் சுண்ணாம்புக் கோடு. கோட்டைத் தாண்டக் கூடாது, வராந்தாவில் ஓடக் கூடாது, குழாயடியில் வரிசை கலையக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள எட்டாம் வகுப்பிலிருந்து நாலு பிள்ளைகளைப் பொறுக்கி, தோளில் நீல ரிப்பன் மாட்டி, இடைவேளைத் தலைவர்கள் என்று பெயர் வைத்தேன். அவர்களுக்கெல்லாம் தலைவி ஆக்னஸ். அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறார். வகுப்பில் முதல் மார்க், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வாசகம் படிக்கிற பெண், தலைமுடி ஒன்று கூடக் கலையாது.

கூடவே ஒரு புகார் நோட்டு. யார், யார் மேல், என்ன செய்தார் என்று மூன்று கட்டம். நாலாவது கட்டம் எனக்கு: எடுத்த நடவடிக்கை.

முதல் வாரம் ஏழு புகார். இரண்டாம் வாரம் மூன்று. அதற்குப் பிறகு ஒரு மாதம் ஒன்றுமே இல்லை. மைதானத்தில் சத்தம் கூட அடங்கிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்தந்தக் கட்டத்துக்குள் பிள்ளைகள் சமர்த்தாக நின்றுகொண்டிருப்பார்கள். டீ கடைசி மிடறு வரை சூடாகவே இருந்தது.

வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி ஆய்வுக்கு வந்தார். காலிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எப்படி மேடம்?" என்றார். நோட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். சுற்றுவட்டாரத் தலைமை ஆசிரியர்கள் ஒரு வியாழக்கிழமை வந்து பார்க்க வேண்டும் என்று ஏற்பாடும் செய்தார். நான் அன்று புதுப் புடவை கட்டுவதாக இருந்தேன்.

மருத்துவக் குழு வந்தது அந்த வியாழனுக்கு ஆறு நாள் முன்னால்.

நான் சொல்லி வந்த கதை

என் சொந்த ஊர் பெருமுக்கல் பக்கம். நான் ஏழாவது படிக்கும்போது இடைவேளையில் கேட்டுக்கு வெளியே போய் ஜவ்வு மிட்டாய் வாங்கிக்கொண்டு, கையில் மிட்டாய்க்காரர் மிட்டாயிலேயே செய்து கட்டிவிட்ட வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே வந்ததில் மணி அடித்தது கேட்கவில்லை. டீச்சர் சமையல் கூடத்திலிருந்து கல் உப்பை அள்ளி வரச் சொல்லி, சிமென்ட் தரையில் பரப்பி, முட்டி போடச் சொன்னார்.

இந்தக் கதையை நான் எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. கல்யாண வீட்டில், ஸ்டாஃப் ரூமில், பணி நிறைவு விழா மேடையில். சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். உப்பு குத்தும்போது நான் காட்டிய முகத்தைச் செய்து காட்டுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். கடைசியில், "எழுந்து நின்னு, கை கூப்பி, நன்றி டீச்சர்னு சொன்னேன். அன்னையிலேர்ந்து ஒரு நாள் லேட் கிடையாது. அதனாலதான் இன்னைக்கு இந்த நாற்காலி" என்று முடிப்பேன். கைத்தட்டு நிச்சயம்.

சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால்

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் நான் சாப்பிடப் போகவில்லை. கயல்விழியிடம் கேட்டுப் பார்த்திருந்தேன். "விழுந்துட்டேன் மிஸ்" என்பதைத் தவிர வாயைத் திறக்கவில்லை. இந்தத் திட்டம் ஆரம்பித்த பிறகு முதல் முறையாக இடைவேளை நேரத்தில் மைதானத்தைச் சுற்றி நடந்தேன். என்னைக் கண்டதும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் சுற்றுச்சுவர் கொஞ்சம் இடிந்து கிடக்கும். தாண்டினால் உப்புக் குவியல். அங்கே கையால் அள்ளினால் கேட்க ஆள் கிடையாது.

கொட்டகை ஓரம் போய்ப் பார்த்தேன். கவிழ்த்த பக்கெட்டின் மேல் ஆக்னஸ் உட்கார்ந்திருந்தாள். கையில் வாட்ச். தரையில் ஒரு அரிசிச் சாக்கு, அதன் மேல் கல் உப்பு சீராகப் பரப்பியிருந்தது. இரண்டு பிள்ளைகள் முட்டி போட்டிருந்தார்கள். ஒரு பையன், ஒரு பெண். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர், வாயில் சத்தம் இல்லை.

"டைம் ஆயிடுச்சி. எழுந்திரு" என்றாள் ஆக்னஸ்.

அந்தப் பையன் எழுந்தான். பேன்ட்டில் ஒட்டிய உப்பைத் தட்டினான். பிறகு இரண்டு கையையும் கூப்பினான்.

"நன்றிக்கா."

நான் கொட்டகை ஓரத்திலிருந்து முன்னால் வந்தேன்.

என்னைப் பார்த்ததும் ஆக்னஸ் எழுந்து நின்று, "குட் ஆஃப்டர்நூன் மிஸ்" என்றாள். திருட்டு முழி முழிக்கவில்லை. பயப்படவில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்கிறபோது மேலதிகாரி வந்துவிட்ட மகிழ்ச்சி முகத்தில் தெரிந்தது. அதுதான் என்னை உலுக்கிப்போட்டது.

"என்னா இது ஆக்னஸ்?"

"தப்பு பண்ணவங்க மிஸ். எல்லாம் கரெக்டா எழுதி வெச்சிருக்கேன்."

ஒரு நோட்டை நீட்டினாள். அவளுடைய அழகான கையெழுத்து. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். பெயர், வகுப்பு, தப்பு, நிமிஷம். கோட்டைத் தாண்டியது, மூன்று நிமிஷம். வராந்தாவில் ஓடியது, மூன்று. வரிசையை மீறியது, நாலு. அழுதது, கூடுதலாக ஒன்று. பக்கம் பக்கமாக இருந்தது. கயல்விழியின் பெயர் பதினோரு இடத்தில். எல்லாம் ஒரே தப்பு: கோட்டைத் தாண்டியது. அவளுடைய தோழி ஏழாம் வகுப்பு.

அத்தனை தப்பும் நான் சார்ட்டில் எழுதி மாட்டிய தப்புகள்.

"யாரு உனக்கு இந்தத் தண்டனையைச் சொல்லிக் குடுத்தது?" என்று கத்தினேன்.

ஆக்னஸ் குழம்பிப் போனாள். "நீங்கதான மிஸ் சொன்னீங்க. ப்ரேயர்ல. ரிப்பன் குடுத்த அன்னிக்கு."

சொல்லியிருந்தேன். ஒழுக்கம் பற்றி ரெண்டு வார்த்தை பேச மைக்கைப் பிடித்து, அந்தக் கதையை எடுத்து விட்டிருந்தேன். முகத்தைக் கோணிக் காட்டியதும் பிள்ளைகள் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. நன்றி டீச்சர் என்று கை கூப்பிக் காட்டியதும்.

"உப்பு குத்தும்ல? வலிக்கும்ல? உனக்குத் தெரியாதா?"

"எங்கம்மா நாள் பூரா உப்புலயேதான் நிக்கிறாங்க மிஸ். காலு வெடிச்சிப் போயிருக்குது. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." அவள் சாக்கின் ஓரத்தை நேராக்கினாள். "மூணு நிமிஷம் முட்டி போட்டா என்னா மிஸ் ஆயிடும்?"

ரிப்பனைக் கழற்றச் சொன்னேன். அப்போதுதான் அழுதாள். "நான் சரியாதான மிஸ் செஞ்சேன்? சண்டையே இல்லையே" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். சாக்கை நானே சுருட்டி, உப்பைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டினேன்.

இன்னும் இரண்டு அதிர்ச்சி

அன்று சாயங்காலமே நோட்டில் பெயர் இருந்த பிள்ளைகளின் வீட்டாரை வரவழைத்தேன். கயல்விழியின் அம்மா மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்தார். அடிக்க வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். முழுவதையும் சொன்னேன்.

கேட்டுவிட்டு அவர், "இவளும் சும்மா இருந்திருக்க மாட்டா டீச்சர்" என்றார். "நல்லதுக்குத்தான பண்ணீங்க. அதுக்குப் போயி என்னாத்துக்கு நீங்க அழுவுறீங்க?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. அம்மாவின் பக்கத்தில் கயல்விழி தலையைக் குனிந்தபடி நின்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவள் ஏன் வீட்டிலும் விழுந்துவிட்டேன் என்றே சொன்னாள் என்று.

அதிகாரிக்குப் போன் செய்தேன். "வெளிய தெரியாம முடிச்சிடுங்க மேடம். போட்டோல்லாம் குரூப்ல போட்டாச்சி" என்றார். நான் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கு விளக்கம் கேட்டு எனக்கு வந்த கடிதம் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

வியாழக்கிழமை தலைமை ஆசிரியர்கள் வந்தார்கள். புதுப் புடவை கட்டவில்லை. மேஜையில் என் புகார் நோட்டையும் ஆக்னஸின் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். புரட்டினார்கள். யாரும் டீயைத் தொடவில்லை. கடைசியில் ஒருவர், என்னை விட வயதில் மூத்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போன மாசம் போட்டோ பாத்துட்டு நானும் இதையே ஆரம்பிச்சேங்க" என்றார். "எங்க ஸ்கூல்லயும் இப்பல்லாம் சத்தமே இல்ல."

அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய் வண்டியை எடுத்தார்.

சொல்லாமல் விட்ட பாதி

மறு திங்கள்கிழமை ப்ரேயரில் மைக்கைப் பிடித்தேன். கதையின் மீதிப் பாதியைச் சொன்னேன்.

நான் நன்றி சொல்லவில்லை. அது நானாகச் சேர்த்துக்கொண்டது. உப்பின் மேல் இருக்கும்போதே பாவாடையில் ஒன்றுக்குப் போய்விட்டேன். உப்பு கரைந்து புண்ணில் இறங்கியது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. எட்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஒன்பதாம் நாள் அப்பா இழுத்துக்கொண்டு போய் விட்டார். அந்த டீச்சரை நான் ஒரு நாளும் மன்னிக்கவில்லை. அவர் இறந்த செய்தி வந்தபோது கூடப் போகவில்லை.

ஐம்பது வயதில், நூற்றெண்பது பிள்ளைகளுக்கு முன்னால் இதைச் சொல்லி முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. கைத்தட்டவில்லை. கொடிக்கம்பத்தில் கயிறு அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அன்று மாலை புகார் நோட்டைத் திறந்தேன். ஒரு மாதத்துக்கும் மேலாகக் காலியாக இருந்த நோட்டில் பென்சிலில் ஒரு வரி எழுதியிருந்தது.

யார்: கயல்விழி, ஆறாம் வகுப்பு. யார் மேல்: ஹெச்.எம். மிஸ். என்ன செய்தார்: வலித்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எத்தனை முறை படித்தேனோ தெரியாது. மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டேன். நாலாவது கட்டத்தைக் காட்டி, "இதுல என்னா எழுதலாம்? நீயே சொல்லு" என்றேன்.

அந்தக் கட்டத்தையே பார்த்தாள். சொல்ல மாட்டாள் என்று நினைத்தேன்.

"நீங்க வெளிய வரணும் மிஸ்."

"எப்ப?"

"இன்டர்வெல்லுக்கு. டெய்லி."

அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வேப்பமரத்தடி

சுண்ணாம்புக் கோடுகள் போய்விட்டன. இப்போது நான் தினமும் வேப்பமரத்தடியில் நிற்கிறேன். ஆசிரியர்களும் முறை வைத்துக்கொண்டு வருகிறார்கள். தலைமை ஆசிரியையே வெளியே நின்றால் யாருக்கும் கால் வலிப்பதில்லை. மைதானத்தில் காது கிழிகிறது. போன மாதம் இன்னொரு பல் போனது. புகார் நோட்டு இரண்டாவது நோட்டுக்கு வந்துவிட்டது. ஆக்னஸ் முதலில் என் பக்கத்தில் வந்து கை கட்டி நிற்பாள். விளையாடு என்றால் எப்படி என்று தெரியாதவள்போல் பார்ப்பாள். இப்போது கோ-கோவில் சேர்ந்துகொள்கிறாள். ஆட்டத்தில் எல்லாரையும் விடச் சீக்கிரம் பிடிபடுவது அவள்தான்.

கயல்விழியின் முட்டி ஆறிவிட்டது. தோழியோடு மைதானத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஒரு நாள் மணி அடிக்கிற நேரத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது. பேசி முடிக்க நாலு நிமிஷம் ஆகியிருக்கும். அவசரமாக வெளியே வந்தேன். மைதானம் நிறையப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆறாம் வகுப்பு வாசற்படியில் கயல்விழி மட்டும் தனியாக நின்றாள். தோழி மைதானத்திலிருந்து கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவள் படியை விட்டு இறங்கவில்லை. என் அறை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் வெயிலுக்கு வந்தேன். என்னைப் பார்த்த பிறகுதான் காலைக் கீழே வைத்தாள்.